நூற்றெட்டுச் சுற்றுக்குக் கூலி

சமையலறையிலிருந்து பின்வாசல் வரைக்கும் தரையில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். குங்குமத்தைத்தான் யாரோ சிந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. தரை துடைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"என்ன இது, துடைச்ச லட்சணமா?" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்தாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் புதிதாகப் பொட்டுகள் விழுந்தன. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவளுக்கு அப்போதும் புரியவில்லை. காலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இடது உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. முந்தின நாள் நான் கைதவறி உடைத்த டம்ளருடைய சில்லு.

"குத்துனதே தெரியலக்கா" என்றாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துணியை எடுத்துத் தரையை மறுபடி துடைத்தாள்.

சில்லு குத்தி வலிக்காத கால் நல்ல கால் இல்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, இதெல்லாம் நான் பார்த்து வளர்ந்தவள். ஆனால் மணி ஒன்பதே கால், ஆபீசில் ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சள் டப்பாவை அவளிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டேன்.

சங்கரன்கோவிலில் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. நான் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். எங்கள் தெருவில் அவள் நான்கு வீட்டு வேலை பார்த்தாள். பாத்திரம், பெருக்கல், துடைப்பு. திருவேங்கடம் ரோட்டில் இருக்கும் வீட்டிலிருந்து விடிந்ததும் நடந்தே வந்துவிடுவாள். நான்கு வீட்டிலும் ஒரே சம்பளம். அதைக் கூட்டுவதென்றால் பொங்கலுக்குத்தான், அதுவும் நான்கு வீடும் பேசிவைத்துச் சேர்ந்தாற்போல்தான். ஒரு வீடு தனியாகக் கூட்டிக் கொடுத்தால் மற்ற மூன்று வீட்டுக்கும் கோபம் வரும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். ஆபீசில் பைல் நகர்த்துகிற கெட்டிக்காரத்தனத்தைத் தெருவிலும் காட்டினேன்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போயிற்று. நான் அவளை நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் காதில் விழும்படி எதிர்வீட்டு அக்காவிடம் மூன்று நாள் பேசினேன். நான்காம் நாள் அரிசி டிரம்மில் கிண்ணம் கிடைத்தது. அரிசி அளந்து அதை உள்ளேயே விட்டவள் நான்தான். கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அலமாரியைத் துடைக்கும்போது மட்டும் அந்தக் கிண்ணத்தைத் தொடாமல் சுற்றித் துடைப்பாள்.

சில்லு குத்தி ஒரு வாரம் இருக்கும். போகிற நேரத்தில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, காலு ரெண்டும் தீயா எரியுது. ரெண்டு வீட்ட விட்டுரலாமான்னு பாக்கேன். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரவியளும் கொஞ்சம் கூட்டித் தந்தியன்னா சமாளிச்சிருவேன்."

"எல்லார்கிட்டயும் பேசிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

யாரிடமும் பேசவில்லை. பேச வேண்டும் என்ற எண்ணம்கூட இல்லை. பொங்கலுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவள் நான்கு வீட்டையும் விடாமல் வந்துகொண்டிருந்தாள்.

அந்த வருடம் எனக்கு வேறு கவலை. மாசியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். இவர் உயிரோடு வீடு வந்தால் வருகிற ஆடிக்கு நூற்றெட்டுச் சுற்று. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து பத்து நாளும் எங்கள் ஊரில் கூட்டம் கூட்டமாகக் கோவிலைச் சுற்றுவார்கள். நேர்ந்துகொண்ட எண்ணிக்கையை யாரும் குறைக்க மாட்டார்கள். அவர் வீடு வந்துவிட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே தையலோடு, பாதி உடம்பாக வந்தார். இருமினால்கூட எனக்குப் பகீர் என்றிருக்கும்.

கொடி ஏறிய அன்று நான் சுற்ற ஆரம்பித்தேன். ஒன்பதாவது சுற்றில் வலது முழங்கால் மடங்கவில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு அழுதேன். நேர்ச்சையைப் பாதியில் விட்டேன் என்றால் இவர் கதி என்ன? எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாள். தெருவில் சடங்கு சம்பிரதாயத்துக்கெல்லாம் அவளிடம்தான் கேட்போம்.

"ஒனக்குப் பதிலா ஒருத்திய வச்சு சுத்தச் சொல்லு. ஒம் பேரச் சொல்லி சுத்துனா போதும். ஆனா முதல்ல இருந்து நூத்தியெட்டும் ஒருத்தியே சுத்தணும். அரைகொறையா நின்னா நேராததவிட மோசம், அந்த மனுசனுக்குத்தான் ஆகாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூலின்னு மட்டும் குடுத்துராத. கூலி வாங்கிட்டான்னா பலன் அவளோட போயிரும். பெறவு ஒரு சேல எடுத்துக் குடு, போதும்" என்றாள்.

குரலைத் தாழ்த்தி என்று சொன்னேனே, அது சும்மா. மூன்றடி தள்ளி அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. நான் அப்படியே அவள் பக்கம் திரும்பி, "நீ சுத்துதியா?" என்று கேட்டேன்.

துடைத்த துணியைப் பிழிந்தாள். "சுத்துதேன்க்கா. இந்தப் பத்து நாளும் மத்தியானப் பாத்திரத்த மட்டும் விட்டுருவியளா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன" என்றேன்.

மறுநாள் வாசுதேவநல்லூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் தபசு பார்க்க வந்து இறங்கியது. அதற்கு அடுத்த நாள் என் தம்பி குடும்பம். நான் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்கட்டில் பாத்திரம் மலையாகக் குவிந்தது. விட்டுவிடுவதாகச் சொன்ன மத்தியானப் பாத்திரத்தை ஒரு நாள்கூட விடவில்லை. காலையில் நான்கு வீட்டு வேலை. பத்து மணிக்குக் கோவில். இரண்டு மணி நேரம், பதினோரு சுற்று. ஆடிக்காற்று மண்ணை வாரி அடிக்கும், ஆனால் வெயில் குறையாது, கல்தரை கொதிக்கும். அங்கிருந்து நேரே எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிடுவாள்.

நூற்றெட்டுப் புளியங்கொட்டையை எண்ணி ஒரு மருந்து டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். வந்ததும் மடியை அவிழ்த்துக் காட்டுவாள். நான் எண்ணுவேன். அதோடு விட்டேனா என்றால் இல்லை. கோவில் வாசலில் பூ விற்கிறவளிடம் போன் போட்டு, "எங்க வீட்டுப் பொம்பள வந்தாளா, நெசமாவே சுத்துதாளா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"அவ கண்ணு கீழ பாத்தவாக்குல சுத்துதாம்மா. யாருட்டயும் பேச்சே இல்ல. நொண்டுதா" என்றாள் பூக்காரி.

நொண்டுகிறாள் என்று சொன்னதை நான் கேட்கத்தான் செய்தேன். ஆறாம் நாள் அவள் இடது காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள். துணி நனைந்திருந்தது. தண்ணீர்பட்ட ஈரம் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன், ஆனால் ஒரு நாற்றம் வந்தது. இப்போதும் கறி கழுவினால் எனக்கு அந்த நாற்றம் ஞாபகம் வருகிறது.

"எத்தன ஆச்சு?" என்று கேட்டேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. எத்தனை ஆச்சு என்றுதான் கேட்டேன்.

"அறுவத்தாறு."

"டாக்டர்ட்ட காமிக்கலாம்லா?"

"காமிக்கணும்க்கா" என்றாள். என்னிடம் ஆபீஸ் லீவு இருந்தது, பையில் பணம் இருந்தது, வாசலில் ஆட்டோ நின்றது. நான் சாமி அறைக்குப் போய் கோவில் புற்றுமண் பொட்டலத்தை எடுத்துவந்து கொடுத்தேன். புண்ணுக்குப் போட்டால் ஆறும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் வைத்திருப்போம். புற்றுமண்மேல் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய நேரத்தில் மண்ணைக் கொடுத்தேனே, குற்றம் என் கையில்தான் இருக்கிறது.

தபசு அன்று மத்தியானம் அவள் மடியை அவிழ்த்துக் கடைசிக் கொட்டைகளைக் கொட்டினாள். நூற்றெட்டும் முடிந்தது. எனக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. யாரோ ஒரு கல்யாணத்தில் எனக்கு வைத்துக்கொடுத்த கைத்தறிச் சேலை ஒன்று, நிறம் பிடிக்காமல் பீரோவில் கிடந்தது. அதை வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். விலைச் சீட்டைக் கிழிக்கவும் இல்லை. எண்ணூற்றைம்பது என்று போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. எங்கள் தெருவில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அதுவும் நான் வைத்த சட்டம்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டு நான்கு வீட்டுக்கும் வேறொருத்தியை வைத்துக்கொண்டோம். அதே சம்பளத்துக்குத்தான். பிறகுதான் புதியவள் சொன்னாள், திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் அவளுடைய இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். சர்க்கரை முற்றிப்போய், காய்ச்சலில் நினைவில்லாமல்தான் கொண்டுபோனார்களாம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உயிருக்கே உலை என்றார்களாம்.

நான் பாத்திரம் கழுவும் இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் தெளிந்து, பழைய நடை வந்திருந்தது. அந்தத் தெளிச்சியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாதக் கடைசியில் பணம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறைதான். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, பூச்சந்தையிலிருந்து வந்த பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூ கட்டும் கூலி பாத்திரக் கூலியில் பாதிகூட வராது. பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வயது என்னைவிட ஆறு கூடுதலாக இருந்தது. ஒன்பது வருடமாக என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள், நானும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

பணத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் பூவைக் கட்டி முடித்து நாரைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது என்ன ரூவாக்கா?"

"வச்சுக்கோ."

"கூலியா?"

வாய் வரைக்கும் வந்தது. கூலி என்று ஒரு சொல். எதிர்வீட்டு அக்கா சொன்னது காதில் கேட்டது, பலன் அவளோட போயிரும். இவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. "சும்மா, ஒரு உதவிக்குன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சாரு நல்லா இருக்காவளா?" என்று அவரைப் பற்றி மட்டும் கேட்டாள். பிறகு பணத்தை என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. தெருவில் ஆட்டோ நின்றால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். இவர் குளியலறையில் கூடுதலாக ஐந்து நிமிடம் இருந்தால் கதவைத் தட்டுவேன். யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை. இப்படியே ஆனி வந்துவிட்டது. கோவிலில் பந்தக்கால் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்த அன்று, தாங்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளுக்குக் கூலி கொடுக்கவில்லை என்பதும் அவள் கால்விரல் போனதும் அவருக்கு அதுவரை தெரியாது.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். நெஞ்சுத் தையலைத் தடவிக்கொண்டார். "குடுத்துட்டு வா. கூலின்னே சொல்லிக் குடு. செத்தா நாந்தான சாவேன்?" என்றார்.

மறுநாள் போனேன். அவள் அதே இடத்தில் பூவோடு இருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். "கூலி குடுக்க வந்திருக்கேன். நூத்தியெட்டுச் சுத்துக்குக் கூலி."

அவள் நாரைக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். பத்து நாளு. எழுநூறு ரூவா வரும்க்கா" என்றாள். யோசிக்கவே இல்லை. எப்போதோ போட்டுவைத்த கணக்கு.

"எழுநூறா?"

"நம்ம தெரு ரேட்டுதான்க்கா. நீங்க வச்சதுதான்."

நான் கொண்டுபோனது இருபதாயிரம். எல்லாவற்றையும் நீட்டினேன், காலுக்கு வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். அவள் எழுநூறை மட்டும் எண்ணி எடுத்தாள். "காலு கணக்கு தனி. அத நான் இன்னும் போடல" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"பாதியில நிறுத்திருக்கலாம்லாடி. இப்படிக் காலு போறவரைக்கும் ஏன் சுத்துன?" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசிவிட்டேன்.

"அறுவதாவது சுத்துலயே கொப்புளம் ஒடைஞ்சிட்டு. நின்னிருக்கலாம். நின்னு, சாருக்கு ஒண்ணு ஆயிருந்தா? என்னையல்லாக்கா சொல்லுவிய. ஒரு கிண்ணத்துக்கே மூணு நாளு சொன்னியள்லா."

பக்தியில் சுற்றினாள் என்று நினைத்திருந்தேன். என்மேல் உள்ள பாசத்தில் என்றுகூட நினைத்திருந்தேன். எனக்குப் பயந்து சுற்றியிருக்கிறாள். கொட்டையை எண்ணினேனே, அப்போதெல்லாம் அவள் என்ன நினைத்திருப்பாள்? நான் அழுதேன். அவள் தேற்றவில்லை. பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டாள். "அக்கா, இன்னைக்கு நான் கூலி வாங்கிட்டேன். நாளைக்கு சாருக்கு ஒண்ணுன்னா தெருவுல எம் பேருதான் அடிபடும். நீங்க இப்பமே சொல்லிரணும். நூத்தியெட்டும் அவ சுத்தியாச்சு, நானாத்தான் கூலி குடுத்தேன், அவ கேக்கலன்னு."

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒருமுறை நினைத்தேன், அதையும் மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன். தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டு அக்கா கோலமாவு டப்பாவோடு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பின்கட்டில் புதியவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"இந்த வெயில்ல எங்கன போயிட்டு வார?"

"நூத்தியெட்டுச் சுத்துக்கும் கூலி குடுத்துட்டு வாரேன். அவ கேக்கல, நானாத்தான் குடுத்தேன். அவ ஒரு சுத்துகூடக் குறைக்கல. இனி எங்க வீட்டுல என்ன நடந்தாலும் அதுக்கு அவ பொறுப்பில்ல" என்றேன். தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன்.

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று. எதிர்வீட்டு அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. டிவி சத்தம் இல்லை. உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் தெருவிலேயே நின்றேன்.